கையெழுத்துக்குக் காத்திருந்த ராக்கெட்

2017 பொங்கல் அன்று இரவு 11 மணிக்கு மேல் நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கலிஃபோர்னியாவில் அப்போது காலை. வாண்டன்பர்க் விமானப்படைத் தளத்தில் ஒரு ஃபால்கன் 9 ராக்கெட் நின்றுகொண்டிருந்தது. அதன் தலைப்பகுதிக்குள் இரிடியம் நிறுவனத்தின் 10 செயற்கைக்கோள்கள். நம் நேரப்படி 11:24-க்கு அது கிளம்பியாக வேண்டும். அந்த நொடி தவறினால் அன்றைக்கு இல்லை.

அதற்கு முன் ஒரு மாதமாகத் தேதி மாறிக்கொண்டே இருந்தது. டிசம்பர் 16 என்றார்கள், போகவில்லை. ஜனவரி 8 என்றார்கள், 9 என்றார்கள், மழை என்றார்கள். நான் ஒவ்வொரு தடவையும் ஏமாந்து போவதைப் பார்த்துவிட்டு அம்மா ஒருநாள் கேட்டார்: "என்னடா, ஏதாச்சும் ஆபீஸ்ல கையெழுத்து பாக்கியா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார். ஆனால் டிசம்பரில் அந்த ராக்கெட் போகாததற்குக் காரணம் உண்மையிலேயே அதுதான். அமெரிக்காவின் ஃபெடரல் ஏவியேஷன் அட்மினிஸ்ட்ரேஷன், சுருக்கமாக எஃப்.ஏ.ஏ., உரிமத்தில் கையெழுத்துப் போடவில்லை.

எனக்கு அப்போது ஆத்திரமாக வந்தது. கெட்டிக்கார இன்ஜினியர்கள் ஒரு பக்கம், ஃபைலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரி இன்னொரு பக்கம். நமக்குப் பழகிப்போன கதை அது. அதே ராக்கெட்டின் வரலாற்றைப் பின்னால் படிக்கப் படிக்க, அந்தக் கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்து போனது. எப்படிப் பிய்ந்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

*

எனக்கு ஏன் இரிடியம் மீது அக்கறை? மாமாதான் காரணம். தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டராக இருந்தார். நான் பள்ளியில் படிக்கும்போது, மாதத்தில் ஒருநாள் நடுக்கடலில் இருந்து போன் வரும். குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கும், பாதியில் கட்டாகும். அத்தை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசுவார். அந்த போன் இரிடியம் வழியாகப் பேசியது என்று பின்னாளில் மாமாவே சொன்னார். "நம்ம கடலுக்குள்ள வந்துட்டா அதைத் தொடக் கூடாது மருமவனே, கேப்டன் பூட்டி வெச்சிருவாரு" என்பார். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியக் கடல் எல்லைக்குள் அனுமதியில்லாத சாட்டிலைட் போன்களுக்குத் தடை இறுகியிருந்தது. ஆக, இரிடியத்தோடு அனுமதி என்ற சொல்லும் சேர்ந்தேதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

இரிடியம் என்பது தனிம அட்டவணையில் 77-ஆவது தனிமம். மோட்டோரோலா நிறுவனம் 77 செயற்கைக்கோள்களால் பூமியைச் சுற்றி வலை பின்னத் திட்டமிட்டபோது வைத்த பெயர் அது. பிறகு 66 போதும் என்று கணக்குப் போட்டார்கள், பெயரை மாற்றவில்லை. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு துருவத்தில் இருந்து மறு துருவத்துக்கு ஓடும் 6 பாதைகள், ஒவ்வொன்றிலும் 11 செயற்கைக்கோள்கள். 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. 1999 ஆகஸ்டில் நிறுவனம் திவால். 500 கோடி டாலருக்கு மேல் கொட்டிய அமைப்பை, எரித்துக் கடலில் விழவைக்கலாமா என்று யோசிக்கும் நிலைமை வந்தது. கடைசியில் அமெரிக்க ராணுவத்தின் ஒப்பந்தம் கைகொடுக்க, வெறும் 2.5 கோடி டாலருக்குக் கைமாறிப் பிழைத்துக்கொண்டது.

அந்தச் செயற்கைக்கோள்களின் ஆயுள் 5 முதல் 8 ஆண்டுகள் என்று வடிவமைத்திருந்தார்கள். அவை அதையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன. 2009 பிப்ரவரியில் இரிடியம் 33, செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோளான காஸ்மோஸ் 2251-உடன் மோதி இரண்டும் சிதறின. புதியவை வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

2010 ஜூனில் இரிடியம் ஸ்பேஸ்எக்ஸோடு 49.2 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. ஃபால்கன் 9 அப்போது ஒரே ஒரு முறைதான் பறந்திருந்தது, அதுவும் அதே மாதம். ஒரு தடவை பறந்த ராக்கெட்டை நம்பி நிறுவனத்தின் எதிர்காலத்தையே அடகு வைத்தார்கள் என்று சொல்லலாம். 2015-இல் தொடங்கி 2017-க்குள் எல்லாம் மேலே போய்விடும் என்பது திட்டம்.

*

தனியார் ராக்கெட்டுக்கு அரசாங்கம் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? சொந்தக் காசு, சொந்த ராக்கெட், விண்வெளியோ யாருக்கும் சொந்தமில்லை.

பதில் 1967-இல் இருக்கிறது. அந்த ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், ஒரு நாட்டின் தனியார் செய்யும் விண்வெளிக் காரியங்களுக்கும் அந்த நாடே பொறுப்பு என்கிறது. அனுமதி கொடுக்க வேண்டும், தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும். 1972-இன் பொறுப்பு உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. ஏவிய பொருள் விழுந்து தரையில் சேதமானால், ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும். தவறு யாருடையது என்ற விவாதமே கிடையாது. இது வெறும் காகிதச் சமாச்சாரம் இல்லை. 1978 ஜனவரியில் அணு உலையோடு இருந்த சோவியத் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 954 கனடாவின் வடக்கில் விழுந்து கதிரியக்கத் துண்டுகள் பரவின. சோவியத் யூனியன் பிறகு 30 லட்சம் கனடிய டாலர் கொடுத்தது. ஆக, ஒரு கம்பெனி ராக்கெட் விடும்போது அதன் பின்னால் ஜாமீன்தாரராக ஒரு நாடே நிற்கிறது. ஜாமீன் போடுபவர் கொஞ்சம் விசாரிக்கத்தானே செய்வார்?

ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதே ஆரம்பத்தில் தெரியாது. 1982 செப்டம்பர் 9 அன்று டெக்சஸில் மாட்டகோர்டா தீவில் இருந்து கானஸ்டோகா என்ற தனியார் ராக்கெட் சுமார் 300 கிலோமீட்டர் உயரம் போய் விழுந்தது. ஸ்பேஸ் சர்வீசஸ் என்ற சின்னக் கம்பெனி அதை விட்டது. பொறுப்பில் இருந்தவர் டீக் ஸ்லேட்டன், நாசாவின் முதல் 7 விண்வெளி வீரர்களில் ஒருவர். வான்பரப்புக்கு ஓர் அலுவலகம், வானொலி அலைவரிசைக்கு இன்னொன்று என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார்கள். உச்சக்கட்ட வேடிக்கை என்னவென்றால், ராக்கெட் அமெரிக்க எல்லையைத் தாண்டிப் போகிறதே, அப்படியானால் அது ஏற்றுமதிதானே என்று ஆயுத ஏற்றுமதி உரிமம் வாங்க வேண்டியிருந்தது.

இந்த அலைச்சலுக்கு முடிவு கட்டத்தான் 1984 அக்டோபர் 30 அன்று அதிபர் ரீகன் வணிக விண்வெளி ஏவுதல் சட்டத்தில் கையெழுத்திட்டார். போக்குவரத்துத் துறைக்குள் ஒரே அலுவலகம், ஒரே வாசல். விண்ணப்பத்தை ஏற்றபின் 180 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 1995-இல் அந்த அலுவலகம் எஃப்.ஏ.ஏ.வுக்குள் வந்தது. நாம் இன்று திட்டிக்கொண்டிருக்கும் இந்த உரிம முறை, தனியார் கம்பெனிகளின் வேலையைச் சுலபமாக்கத்தான் பிறந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஒரு குறை மட்டும் இருந்தது. அந்தச் சட்டம் மேலே போகும் ராக்கெட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. திரும்பி வரும் பொருளுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் 1998-இல்தான் சேர்ந்தது. ஸ்பேஸ் ஷட்டில் 1981 முதல் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது, ஆனால் அது அரசாங்கத்தின் வண்டி. தனியார் ஒன்று சுற்றுப்பாதையில் இருந்து திரும்பி வர முதல் உரிமம் 2010 நவம்பரில், ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்துக்குக் கிடைத்தது.

*

இனி இரிடியத்தின் காத்திருப்புக்கு வருவோம். அது ஒரே காத்திருப்பு இல்லை.

முதல் காத்திருப்பு ரஷ்யாவில். புதிய செயற்கைக்கோள்களில் முதல் 2-ஐ மட்டும் தினெப்பர் ராக்கெட்டில் அனுப்பிச் சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். தினெப்பர் என்பது பழைய சோவியத் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை. அணுகுண்டுக்குப் பதிலாகச் செயற்கைக்கோளை வைத்து, ரஷ்யாவின் யாஸ்னி தளத்தில் இருந்து ஏவுவார்கள். செயற்கைக்கோளில் வந்த ஒரு தொழில்நுட்பச் சிக்கலால் முதலில் சில மாதம் தள்ளிப்போனது. அது சரியானபோது ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி வரவில்லை. எப்போது வரும் என்பதற்கும் பதில் இல்லை. கிரைமியா விவகாரத்துக்குப் பிறகான காலம் அது. ரஷ்யாவுக்கும் மேற்கு நாடுகளுக்கும் இடையே பேச்சுவார்த்தையே கசந்திருந்தது. 2016 பிப்ரவரியில் இரிடியம் கைகழுவிவிட்டு, முதல் 10-ஐயும் ஃபால்கனிலேயே அனுப்ப முடிவெடுத்தது. தினெப்பர் 2015 மார்ச்சுக்குப் பிறகு பறக்கவே இல்லை.

நம்மில் பலருக்கும் தெரிந்த காத்திருப்பு இது. ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரியாது, என்ன குறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாளைக்கு வாங்க என்பார்கள்.

இரண்டாவது காத்திருப்பு ஃப்ளோரிடாவில் 2016 செப்டம்பர் 1 காலையில் தொடங்கியது. வேறொரு ஃபால்கன் 9, இஸ்ரேலின் ஆமோஸ் 6 செயற்கைக்கோளோடு ஏவுதளத்தில் நின்றது. ஏவுவதற்கு 2 நாள் முன்பு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் எரித்துப் பார்க்கும் சோதனை. எரிபொருள் நிரப்பும்போதே வெடித்தது. சுமார் 20 கோடி டாலர் மதிப்புள்ள செயற்கைக்கோளும் சேர்ந்து எரிந்தது. சோதனையின்போது யாரும் அருகில் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ஃபால்கனுக்கு 14 மாதங்களில் இது இரண்டாவது அடி. 2015 ஜூனில் ஒன்று நடுவானில் சிதறி, மறுபடி பறக்க 6 மாதம் ஆகியிருந்தது. இப்போது காரணம் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. திரவ ஆக்சிஜன் தொட்டிக்குள் ஹீலியம் அடைத்த கலன்கள் மூழ்கி இருக்கும். உள்ளே அலுமினியம், மேலே கார்பன் நார் சுற்றிய கலன்கள். அலுமினியச் சுவரில் சின்ன நெளிவுகள். அந்த நெளிவுக்கும் நாருக்கும் இடையே ஆக்சிஜன் சிக்கி, அழுத்தம் ஏறும்போது உராய்வில் பற்றிக்கொண்டது. ஹீலியத்தை அதிகக் குளிராக நிரப்பியதால் அங்கே ஆக்சிஜன் உறைந்துபோயிருக்கவும் வாய்ப்பு உண்டு. நாசா, விமானப்படை, எஃப்.ஏ.ஏ. எல்லோரும் உடனிருந்த விசாரணையின் முடிவை ஸ்பேஸ்எக்ஸ் 2017 ஜனவரி 2 அன்று வெளியிட்டது. ஜனவரி 6 அன்று எஃப்.ஏ.ஏ. உரிமம் கொடுத்தது. இரிடியத்தின் 7 ஏவுதல்களுக்கும் சேர்த்து ஒரே உரிமம்.

நான் டிசம்பரில் பொறுமையிழந்து திட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில், ஒரு நெளிவில் ஆக்சிஜன் எப்படிச் சிக்குகிறது என்ற கேள்வி பாக்கி இருந்தது. அதற்குப் பதில் தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த 10 செயற்கைக்கோள்களின் கதி என்ன?

மூன்றாவது காத்திருப்புக்கு எந்த அதிகாரியும் காரணம் இல்லை. ஜனவரி 9-ஆம் தேதி என்றால் கலிஃபோர்னியா நேரம் காலை 10:22. 14-ஆம் தேதி என்றால் 9:54. இரிடியத்தின் பாதைகளில் ஒன்று ஏவுதளத்துக்கு நேர் மேலே வரும் நொடியில்தான் கிளம்ப முடியும். அந்த நொடி ஒவ்வொரு நாளும் சுமார் ஐந்தரை நிமிடம் முன்னால் நகர்கிறது. 5 நாளில் 28 நிமிடம். 9-ஆம் தேதி காற்றும் மழையும். அதற்கடுத்த நாட்களில் ஏவுதளப் பகுதி வேறு வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அப்படித்தான் பொங்கலன்று வந்து நின்றது.

கிளம்பியது. 10-ம் பிரிந்தன. ராக்கெட்டின் முதல் அடுக்கு பசிபிக் கடலில் மிதந்த ஆளில்லாப் படகின் மேல் வந்து நின்றது. பசிபிக்கில் அப்படி ஒன்று படகில் இறங்கியது அதுவே முதல் முறை. பக்கத்து அறையில் அப்பா தூங்குகிறார் என்பதால் சத்தம் போடாமல் கைதட்டினேன்.

*

இப்போது திரும்பி வரும் ராக்கெட்டின் கதை. மறுபயன்பாட்டால் செலவு குறையும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், சரிதான். ஆனால் இரிடியம் 2017 அக்டோபரில் பயன்படுத்திய ராக்கெட்டுக்கு ஒப்புக்கொண்டபோது, அதன் தலைவர் மேட் டெஷ் முன்வைத்த முக்கியக் காரணம் கால அட்டவணை. புதிது செய்து வரக் காத்திருக்க வேண்டாம், போய் வந்ததே தயாராக இருக்கிறது. காப்பீட்டுக் கட்டணம்கூட அதற்காக ஏறவில்லை. 2017 டிசம்பர் 22-இல் இரிடியத்தின் நான்காவது தொகுதியைச் சுமந்தது, ஜூனில் இரண்டாவது தொகுதியைச் சுமந்த அதே முதல் அடுக்கு. பழைய பொருளை அவர்கள் வாங்கியது நேரத்தை மிச்சப்படுத்தத்தான்.

அதன் விளைவு ஒன்று இருக்கிறது, அதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ராக்கெட் செய்யவே ஒரு வருடம் ஆகும் காலத்தில், 3 மாத அனுமதி வேலை அந்த வருடத்துக்குள் மறைந்துவிடும். யார் கண்ணிலும் படாது. ராக்கெட் சில வாரத்தில் தயாராகி வந்து நின்றால், பாக்கி நிற்பது காகிதம் மட்டும்தான். ராக்கெட் வேகமான பிறகுதான் கையெழுத்து மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது. 2024-இல் ஃபால்கன் 130 தடவைக்கும் மேல் பறந்தது. 2025 மார்ச்சில் ஒரே முதல் அடுக்கு 9 நாள் இடைவெளியில் இரண்டு முறை பறந்தது.

அர்த்தமில்லாத விதிகளும் இருந்தன, மறுக்க முடியாது. 2018 மார்ச் 30 அன்று இரிடியத்தின் ஐந்தாவது தொகுதி போகும்போது, நேரலை 9 நிமிடத்தில் பாதியில் நின்றுபோனது. 1992-ஆம் ஆண்டின் தொலையுணர்வுச் சட்டப்படி விண்வெளியில் இருந்து பூமியைப் படம் எடுக்க உரிமம் வேண்டுமாம். ராக்கெட்டில் ஒட்டியிருந்த சின்ன கேமராவும் அந்தக் கணக்கில் வந்துவிட்டது. யாருடைய பாதுகாப்புக்கு அது? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதே நேரம் எஃப்.ஏ.ஏ. நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 2020-இல் 4 தனித்தனி விதித் தொகுப்புகளை ஒன்றாக்கியது. 2024 ஜூலையில் ஒரு ஃபால்கனின் இரண்டாம் அடுக்கு பழுதானபோது, 15-ஆவது நாள் ஃபால்கன் மறுபடி பறந்துவிட்டது. 2015-இல் 6 மாதம், 2016-இல் நாலரை மாதம், 2024-இல் 15 நாள். விசாரணை முடியும் வரை காத்திருக்காமல், பொதுமக்களுக்கு ஆபத்து இல்லையென்று மட்டும் உறுதிசெய்துவிட்டு அனுமதிக்கும் வழி வந்திருந்தது.

அதே ஆகஸ்டில் நடந்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 23-ஆவது முறை திரும்பி வந்த ஒரு முதல் அடுக்கு, படகில் இறங்கியதும் சாய்ந்து விழுந்தது. உடனே எஃப்.ஏ.ஏ. ஃபால்கனை நிறுத்திவைத்து விசாரணை கேட்டது, 2 நாளில் விடுவித்தது. 2016 ஜனவரியில் வாண்டன்பர்க்கில் இருந்து போன ராக்கெட்டும் இதே மாதிரி படகில் கால் மடங்கி விழுந்து வெடித்ததுதான். அப்போது யாரும் எதையும் நிறுத்தவில்லை. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: அன்றைக்கு இறங்குவதே ஒரு சோதனை, விழுந்தால் அதிசயமில்லை. இன்றைக்குத் திரும்பி வருவதுதான் வழக்கம். வழக்கமாகிவிட்ட பிறகு விழுந்தால் அதற்கு விபத்து என்று பெயர்.

*

அப்படியானால் சீக்கிரம் கையெழுத்துப் போடுவதே நல்லது, அவ்வளவுதானா? இல்லை. அதற்கு டெக்சஸின் போக்கா சிக்காவுக்குப் போக வேண்டும். முழுவதுமாகத் திரும்பி வரும்படி கட்டப்படும் ஸ்டார்ஷிப் அங்கே இருந்துதான் கிளம்புகிறது.

2023 ஏப்ரல் 20 அன்று முதல் முழு ஏவுதல். இன்ஜின்களின் வேகத்தில் ஏவுதளத்தின் கான்கிரீட்டே பெயர்ந்து பறந்தது. சில கிலோமீட்டர் தள்ளி இருந்த போர்ட் இசபெல் ஊரில் வீடுகள், கார்கள் மேல் மணல் தூசி படிந்தது. பக்கத்துப் பூங்காவில் மூன்றரை ஏக்கர் எரிந்தது. எஃப்.ஏ.ஏ. 63 திருத்தங்களைப் பட்டியலிட்டது. அதன் பிறகு வனவிலங்குத் துறையின் ஆய்வு. நவம்பர் 15-இல் உரிமம், 18-இல் இரண்டாவது ஏவுதல். இந்த இடைவெளி முழுக்க இணையத்தில் ஓடிய வாதம் நான் 2016 டிசம்பரில் வைத்திருந்த அதே வாதம்தான்: ராக்கெட் ரெடி, காகிதம் ரெடி இல்லை.

2025 ஜனவரி 16 அன்று ஏழாவது ஸ்டார்ஷிப் மேலே ஏறும்போதே சிதறியது. துண்டுகள் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளின் மேல் விழுந்தன. அது அமெரிக்காவே இல்லை, கரீபியனில் பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட தீவுக்கூட்டம். ஒரு வாகனத்துக்குச் சின்னச் சேதம். விமானங்கள் வழி மாறின. விசாரணை முழுதாக முடியும் முன்பே, புதிய வழிப்படி அடுத்த ஏவுதலுக்கு அனுமதி கிடைத்தது. மார்ச் 6 அன்று எட்டாவதும் ஏறக்குறைய அதே மாதிரி சிதறியது. ஃப்ளோரிடாவின் விமான நிலையங்களில் விமானங்கள் தரையிலேயே நிறுத்தப்பட்டன. யாருக்கும் காயம் இல்லை.

யாருக்கும் காயம் இல்லை என்ற இந்த வரியை எத்தனை தடவை எழுதிவிட்டேன் பாருங்கள். 2016 ஃப்ளோரிடா, 2025 கரீபியன். எஃப்.ஏ.ஏ.வின் விதிப்படி, ஒரு ஏவுதலால் பொதுமக்களில் யாருக்காவது உயிரோ உடலோ சேதமாகும் வாய்ப்பு 10,000-இல் 1-ஐத் தாண்டக் கூடாது. காற்று எப்படி அடித்தால் துண்டு எங்கே விழும், அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று உட்கார்ந்து கணக்குப் போடும் வேலை அது. காயம் இல்லை என்ற வரியில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. மீதியில் பெரும்பங்கு அந்தக் கணக்குக்கும், அதை வைத்து மூடிய வானத்துக்கும், விரட்டிவிட்ட படகுகளுக்கும் சேரும்.

ஏவுதல் அன்று கட்டுப்பாட்டு அறையில் ராக்கெட்டின் ஆட்கள் இருப்பார்கள், செயற்கைக்கோளின் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், காப்பீட்டுக்காரர்களும் கவனித்துக்கொண்டிருப்பார்கள். பாதைக்குக் கீழே இருக்கிறவன் அங்கே இல்லை. அவனுக்கு ராக்கெட் போவதே தெரியாமல் இருக்கலாம். அவன் சார்பாக ஒரு கேள்வி கேட்க ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது, அது அந்த உரிம ஃபைல். மாஸ்கோவில் தேங்கிய ஃபைலில் இந்தக் கேள்வி இருந்ததாகத் தெரியவில்லை. கேமராவை அணைத்த சட்டத்திலும் இல்லை. ஆக்சிஜன் நெளிவுக்காக நாலரை மாதம் நின்றபோது இருந்தது. தாமதத்தைப் பார்த்தால் இப்போதெல்லாம் எத்தனை நாள் என்று நான் முதலில் கேட்பதில்லை. அந்த நாட்களில் யாருக்காக என்ன கேட்டார்கள் என்றுதான் தேடுகிறேன்.

*

இரிடியத்தின் கடைசித் தொகுதி 2019 ஜனவரி 11-இல் போனது. 75 புதிய செயற்கைக்கோள்கள் மேலே. மாமா கப்பலை விட்டு இறங்கி வந்து வருடங்கள் ஆகிவிட்டன.

போன முறை தூத்துக்குடி போயிருந்தபோது பேச்சு குலசேகரன்பட்டினம் பக்கம் போனது. 2024 பிப்ரவரியில் அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2,000 ஏக்கருக்கு மேல் நிலம். ஏன் அங்கே என்றால், அதற்கும் பாதைக்குக் கீழே இருப்பவர்கள்தான் காரணம். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து தெற்கே நேராக ஏவினால் இலங்கைக்கு மேல் போக வேண்டும். அதனால் ராக்கெட் கடலுக்குள் சுற்றி வளைந்து போகிறது, அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது. சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையில் இருந்து விட்டால் தெற்கே வெறும் கடல்.

இதையெல்லாம் உற்சாகமாக மாமாவிடம் விளக்கினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெறுங்கடல்னு ஒண்ணு கிடையாது மருமவனே. அங்க நம்ம பயலுவ வள்ளம் நிக்கும்."

"ஏவுற அன்னைக்குப் போகக் கூடாதுன்னு சொல்லிருவாங்க மாமா."

"சரி, சொல்லட்டும். நல்ல விசயந்தான். ஒரு நா வேணும்னா கரையில இருந்துக்கலாம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மழைன்னு தள்ளிப்போட்டு, மறுநா காத்துன்னு தள்ளிப்போட்டா? அந்த அஞ்சாறு நா பாட்டை யாரு கணக்கு வெச்சுக்கிடுவா?"

என்னிடம் பதில் இல்லை. 2017-இல் ஜனவரி 9 எப்படி 14 ஆனது என்று எனக்கு நிமிடக் கணக்கில் தெரியும். அந்த 5 நாளும் அந்தக் கடலில் யார் தொழிலுக்குப் போனார்கள், யார் போகவில்லை என்று எனக்கு ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றியதில்லை.